காமிராவுக்கு முதுகு

3 பிப்ரவரி 2025

இன்றும் கோரேகாவ் செட். சீரியல் கல்யாணம், ஐந்தாம் நாள். கூட்டத்தில் நிற்க நாற்பது பெண்கள். எனக்கு இது முப்பத்து மூன்றாவது வருஷம். எந்தக் கல்யாணத்தில், எந்தச் சாவு வீட்டில் யார் எங்கே நின்றாள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஞாபகம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் ரஹ்மத்துல்லா புதிதாக ஒரு பெண்ணை என்னிடம் விட்டான். அஃப்ஷா. பத்தொன்பது வயது. தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளித் தையல் கடைக்காரர் மகள். "ஆச்சி, பாத்துக்கிடுங்க. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிக் கொடுத்தேன். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நில், காமிரா வந்தால் பின்னால் போய் நில். முகம் பதிந்துவிட்டால் அந்த சீரியலில் மறுபடி கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். போன வாரம் கல்யாணத்தில் சிரித்தவள் இந்த வாரம் ஆஸ்பத்திரியில் எப்படிப் படுத்திருப்பாள்? முதுகைக் காட்டினால் தினமும் வேலை.

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாமலேதான் நடிக்கணுமா ஆச்சி?"

வாய் நீளம். பிடித்திருந்தது.

4 பிப்ரவரி

என்னைப்போலவே கூட்டத்தில் நிற்கிற லூசியம்மாளும் செட்டுக்கு வந்திருந்தாள். பேசவில்லை. 1994 முதல் பேசவில்லை.

அன்று ரயில் நிலையக் காட்சி. மழை. டைரக்டர் என்னைக் கைகாட்டி ஒரு வரி கொடுத்தார். எனக்கே எனக்கு ஒரு வரி! காமிரா என் பக்கம் வரும்போது லூசி தன் சிவப்புக் குடையை என் முகத்துக்கு நேரே விரித்தாள். வரி வேறொருத்திக்குப் போனது. "ஒன் நல்லதுக்குத்தாம் ஞானம். மொகம் பதிஞ்சா நாளைக்குச் சோத்துக்கு என்ன செய்வ?" என்றாள்.

அந்தக் குடையில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. அதுகூட மறக்கவில்லை.

6 பிப்ரவரி

என்ன செய்துவிட்டேன்.

காமிரா மணப்பெண்ணைச் சுற்றிக்கொண்டு அஃப்ஷா பக்கம் வந்தது. அவள் நிமிர்ந்து சிரித்தாள். என் கை தானாகப் போயிற்று. கையிலிருந்த ஆரத்தித் தட்டை அவள் முகத்துக்கு நேரே தூக்கிவிட்டேன். கட்.

டீ குடிக்கும்போது வந்து நின்றாள். "எனக்கு நேராத்தான வந்துச்சு? ஏன் மறைச்சீங்க ஆச்சி?"

"ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி. மொகம் பதிஞ்சா..."

பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாற்காலி தள்ளி லூசி உட்கார்ந்திருந்தாள். கேட்டிருப்பாள். பாவி, சிரிக்கக்கூட இல்லை.

7 பிப்ரவரி

அஃப்ஷா ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள்.

8 பிப்ரவரி

குடைக்கும் தட்டுக்கும் என்ன வித்தியாசம்? தட்டில் கம்பி இல்லை. அவ்வளவுதான்.

10 பிப்ரவரி

அன்று தட்டு திடீரென்று உயர்ந்தது டைரக்டருக்குப் பிடித்துப்போயிற்றாம். தட்டு பிடித்தவள் மணப்பெண்ணைப் பார்த்து, கண் படக்கூடாது என்று ஹிந்தியில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். முகம் பெரிதாக வரும்.

முந்தின நாள் யார் எங்கே நின்றார்கள் என்று குறிக்கிறவள் வந்தனா. அவள் போனில் எடுத்த படத்தில் தட்டும் பச்சை வளையலும்தான் தெரிகின்றன. நாற்பது பேருக்கும் அதே பச்சை வளையல். வழக்கம்போல என்னிடம் வந்தாள். "ஆஜி, இது யார் கை?" நான் சொன்னால் அந்த செட்டில் மறுபேச்சு கிடையாது.

'நான்' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முப்பத்தோரு வருஷம் காத்துக் கிடந்த சொல். என் கைதானே? பொய்யில்லையே? அஃப்ஷா பக்கத்தில்தான் நின்றாள். தலை குனிந்து தன் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெண்ணுடைய கை" என்றேன்.

வந்தனா புருவத்தைத் தூக்கினாள். "பக்கா?"

பின்னாலிருந்து லூசியின் குரல். "பக்கா. மைனே தேகா." அவளும் பார்த்தாளாம்!

அஃப்ஷா வாயைத் திறந்தாள். "ஆச்சி, நான் இல்லியே..."

"சும்மா கிட. தட்டைத் தாடைக்குக் கீழ பிடி. காமிராவப் பாக்காத, அந்தப் பொண்ணு கண்ணப் பாரு. மூச்ச விட்டுட்டுப் பேசு."

மூன்றாவது டேக்கில் ஓகே ஆனது. நாலு வார்த்தையும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இருந்தாலும் நன்றாகத்தான் சொன்னாள்.

திரும்பும்போது ரயிலில் லூசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் பொய் சொல்லி முப்பது வருசம் இருக்கும் ஞானம்."

"2011-ல ரஹ்மத்துல்லாட்ட அஞ்சு வயசக் கொறச்சுச் சொன்ன" என்றேன்.

மாஹிம் வரும்வரை சிரித்தாள்.

24 பிப்ரவரி

நான் சொன்னபடியே ஆயிற்று. முகம் பதிந்ததால் அஃப்ஷாவைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் வீட்டில். ஆனாலும் தினமும் சாயங்காலம் என்னிடம் வருகிறாள். சண்டை போட அல்ல. "அழுகை எப்படி ஆச்சி, சத்தம் இல்லாம?" காட்டினேன். வாசல் வழியே பார்த்த பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டாள்.

17 மார்ச்

இன்று அந்தக் காட்சி டிவியில் வந்தது. அஃப்ஷா இல்லை, ஷூட்டிங். அந்த நாலு வார்த்தையைப் பார்த்து டைரக்டரே கூப்பிட்டாராம், மணப்பெண்ணின் தோழியாக. வாரம் மூன்று நாள், கதையில் பெயரும் உண்டு.

பார்க்க லூசி வந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறை என் வீட்டுப் படி ஏறியிருக்கிறாள். காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏளா, சீனி போடலியா? இன்னுமா கோவம்?"

"ஒனக்குச் சுகர். 2016-ல சர்ச் வாசல்ல ரெபேக்காட்ட நீ சொன்னது காதுல விழுந்துச்சு."

மிச்சத்தையும் குடித்தாள்.

அஃப்ஷா முகம் டிவி முழுக்க வந்தது. அவளுக்குப் பின்னால், ஓரத்தில், மாம்பழக் கலர் சேலையில் ஒரு முதுகு.

"அது நானா, நீயா?" என்று லூசி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"நான். நீ எனக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு நிக்கிற."