கதவு எனக்கு

நாள் 212, 09:10. கட்டுப்பாட்டு அறை
எல்லாம் சீர். உயிர்வாயு தரும் பனி உருக்கி ஓடுகிறது, காற்றழுத்தம் சரி. எழுதுபவள் ரோசலின், இந்தச் சுரங்க நிலையத்தின் கணினிகளுக்குப் பொறுப்பு. வெளியே காற்றே கிடையாது. வெறும் பனிப்பாறை.

வாசலில் இரண்டு கதவுகள். உள்கதவும் வெளிக்கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் நிலையம் காலி. அப்படி நடக்காமல் காப்பது ஒரு சின்னக் கோப்பு. கதவைத் திறக்க நினைப்பவர் flock கட்டளை போட்டு அந்தக் கோப்பின் பூட்டைக் கேட்க வேண்டும். கிடைத்தால் வானொலியில் "கதவு எனக்கு" என்று சொல்லிவிட்டுத் திறக்கலாம். கட்டளை முடிந்ததும் பூட்டு தானாக விடுபடும். நிலையத்தின் மற்றக் கதவுகளுக்கும் இதே மாதிரி தனித்தனிக் கோப்புகள் உண்டு.

துளைப்பு வண்டி ஓட்டும் சுடலைமணி இன்றைக்கும் காத்திருக்கப் பொறுக்காமல் rm போட்டு அந்தக் கோப்பை அழித்துவிட்டான். நல்ல பிள்ளைதான், பொறுமை மட்டும் கிடையாது. "பூட்டு கெடைக்கலன்னா அழிச்சிர வேண்டியதுதானக்கா. சோலி முடிஞ்சிருதுல்லா" என்று வானொலியில் நியாயம் வேறு பேசுகிறான். சோலி முடியாது. அழிவது பெயர்தான். பூட்டைப் பிடித்திருப்பவர் கையில் பழையது அப்படியே இருக்கும். அடுத்து கேட்பவருக்கு அதே பெயரில் புதுக் கோப்பு உண்டாகி, புதுப் பூட்டும் கிடைத்துவிடும். கதவு தனக்கு மட்டும்தான் என்று இருவருமே நம்புவார்கள். fuser போட்டு யார் பிடித்திருக்கிறார் என்று பார், அவரிடம் பேசு, ஆகாவிட்டால் அந்தக் கட்டளையை kill போட்டு நிறுத்து. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

செய்ய வேண்டிய வேலை: பூட்டுக் கோப்புறையில் என்னைத் தவிர யாரும் எதையும் அழிக்க முடியாதபடி அனுமதியை மாற்றுவது. நாளைக்குப் பார்க்கலாம்.

நாள் 213, 14:25
பனி உருக்கி வெடித்துவிட்டது. இனி புது உயிர்வாயு இல்லை. மீட்புக் கப்பல் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. இருக்கும் உயிர்வாயு உருளைகளைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தால் நாங்கள் மூன்று பேரும் பிழைக்கலாம். கணக்கை நிலையத் தலைவர் சொரிமுத்துவுக்கு அனுப்பினேன். பதில் வானொலியில் வந்தது: "மூணு பேருக்கெல்லாம் காணாது, ரோசலின். நீ சும்மா ஆறுதலுக்குச் சொல்லுத."

சுடலை இன்னும் வெளியே வண்டியில் இருக்கிறான். திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன்.

நாள் 213, 16:02
இடது கையால் எழுதுகிறேன். வலது கை இல்லாத மாதிரிதான். உருளைகளை எங்கே இழுத்துப் போகிறீர்கள் என்று நடைவழியில் கேட்டேன். சொரிமுத்து பனிக்கோடரியின் பின்புறத்தால் அடித்தார். சுவரோடு வைத்து விரல்களை நசுக்கினார். எலும்பு நொறுங்குவது காதில் கேட்டது. அடுத்த அடி தலைக்கு வந்தது. திருப்புளியை அவர் கன்னத்தில் குத்தினேன், பல்லில் போய் முட்டி நின்றது. அவர் அலறிய நேரத்தில் இந்த அறைக்குள் புகுந்து, கதவை மூடி, அதன் பூட்டைப் பிடித்துக்கொண்டேன். விசைகளெல்லாம் ரத்தத்தில் வழுக்குகின்றன.

என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதர். இனி அவர் இல்லை, அவன்தான்.

நாள் 213, 16:40
சொரிமுத்து உள்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். வாசல் பூட்டை விடவே இல்லை. அவன் விடாதவரை வெளிக்கதவு சுடலைக்குத் திறக்காது. பூட்டைப் பிடித்திருக்கும் கட்டளை அவன் மணிக்கட்டுக் கணினியில் ஓடுகிறது, இங்கிருந்து அதை kill செய்ய முடியாது. உருளைகள் எல்லாவற்றையும் தன் காலடியில் அடுக்கியிருக்கிறான். கன்னத்தில் துணி, கையில் கோடரி.

சொரிமுத்து, வானொலி: "அவன் வெளியவே கெடந்து சாவட்டும். ஏட்டி, நீ மரியாதையாக் கதவத் தொற. மண்டைய ஒரே போடா போட்டுருதேன், வலிக்காது."

சுடலைமணி, வானொலி: "அக்கா, பூட்டு கெடைக்க மாட்டேங்கு. மூச்சு முட்டுதுக்கா. நான் என்ன செய்யட்டும்?"

எந்த வேலையைச் செய்யாதே என்று தினமும் திட்டினேனோ அதையே அவனிடம் கேட்டேன். "வண்டியில கயித்தக் கட்டி இடுப்புல சுத்திக்கோ, சுடலை. வாசலுக்கு நேரா நிக்காத. சுத்திட்டியா? இப்ப அழி."

நாள் 213, 16:52
அழித்தான். புதுப் பூட்டு கிடைத்தது. பழைய பழக்கத்தில் "கதவு எனக்கு" என்றுகூடச் சொன்னான். வெளிக்கதவு திறந்தது. உள்கதவும் திறந்தேதான் இருந்தது.

நிலையத்தின் காற்று மொத்தமும் ஒரே வீச்சில் வெளியேறியது. சொரிமுத்துவைக் கேமராவில் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினான், பின்னாலிருந்து வந்த ஓர் உருளை அவன் கையை முழங்கையோடு முறித்தது. தலை வெளிக்கதவின் விளிம்பில் மோதிப் பிளந்தது. சிதறிய ரத்தம் சுவரில் படுவதற்குள் உறைந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவன் அடுக்கி வைத்த உருளைகளும் அவனோடு போய்விட்டன. பாறையில் மோதி எல்லாம் வெடித்துவிட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை. வெளிக்கதவின் கீல் முறுக்கிக்கொண்டது, இனி அது மூடாது. காற்று இருப்பது இந்த அறையில் மட்டும். கப்பல் வரும்வரை ஓர் ஆளுக்குத் தாங்கும்.

நாள் 213, 17:20
சுடலை என் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அவன் விண்வெளி உடையில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. இந்த அறையின் காற்றை அவன் உடைக்குள் ஏற்ற ஒரு வழியும் இல்லை. ஒவ்வொரு குழாயாகத் தேடிப் பார்த்துவிட்டேன். கதவைத் திறந்தால் அறை காலியாகும், இருவரும் சாவோம். எனக்கு உடை கிடையாது, வாசலில் மாட்டியிருந்தது காற்றோடு வெளியே போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"லேசாத் தொறங்க போதும். டக்குன்னு புகுந்திருதேன்."

அது அப்படித் திறக்கிற கதவு இல்லை என்று அவனுக்கே தெரியும். அழுகிறேன். அவன் குத்துவது கதவில் அதிர்கிறது.

"ரெண்டு பேருக்குக் காணாதுன்னு சொல்லுதியளா? சொரிமுத்தும் இதத்தானக்கா சொன்னாரு."

திரும்பவும் முதல் குழாயிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

நாள் 213, 17:31
இந்த அறைக் கதவின் பூட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டான். கிடைக்கவில்லை, நான் பிடித்திருக்கிறேன். மணிக்கட்டுக் கணினியில் அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் என் திரையில் விழுகிறது. பிழை விடுகிறான், அழித்துத் திரும்ப அடிக்கிறான். அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். சற்று முன்னால் நானே செய்யச் சொன்னதுதான்.

மன்னிச்சிரு சுடலை

நாள் 213, 17:33
நாள் 212இல் குறித்து வைத்த வேலை முடிந்தது. பூட்டுக் கோப்புறையின் அனுமதியை மாற்றிவிட்டேன். சரியாக வேலை செய்கிறது.

சுடலைமணி, வானொலி: "அக்கா, அழிய மாட்டேங்குக்கா."

சுடலைமணி, வானொலி: "அழிய மாட்டேங்கு."

முறைப்படி நானும் வானொலியில் சொல்லிவிட்டேன். கதவு எனக்கு.