கழுவினாலும் போகாத சிவப்பு

ததாலா அப்பாவுக்கு,

முதலில் இதைப் படியுங்கள். உத்தரத்தில் கட்டியிருக்கும் சிவப்பு மக்காச்சோளத்தைத் தொடாதீர்கள். அது மருந்து பூசிய விதை. கழுவினாலும் விஷம் போகாது என்று பையின் மேலேயே எழுதியிருக்கிறது. போன வாரம் மாமரத்தடி எழுத்து வகுப்பில் அந்தப் பையைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தோம். நேற்று நீங்கள் வேகவைத்ததை நான் குழியில் கொட்டியது அதற்காகத்தான்.

“நாலு மாசம் சிலேட்டுப் பிடிச்சதும் டாக்டரம்மா ஆயிட்டியா? பசிக்கிற புள்ளைக்கு என்னத்தடி குடுக்கிறது?” என்று கத்தினீர்கள். போன வருஷமாக இருந்தால் நானே கழுவி உலையில் போட்டிருப்பேன்.

நிசிமாக் களியும் பூசணிக் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். பிள்ளை ததாலா எழுந்ததும் கொடுங்கள். நான் எஸ்தேரி வயலுக்குக் களை வெட்டப் போகிறேன். கூலியாக மாவு தருவாள்.

ஃபைனெஸி

பி.கு.: இதைப் பக்கத்து வீட்டு ஜைலோசியிடம் படிக்கக் கொடுக்காதீர்கள். நீங்கள் வகுப்பிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்துபோன பாடம் வரைக்கும் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்தே எழுதியிருக்கிறேன். அதற்கே மூன்று தாள் வீணாகிவிட்டது.

இன்னொன்று. இதுவரைக்கும் நீங்களே படித்திருந்தால், நாலு மணிக்கு மாமரத்தடிக்கு வாருங்கள். உங்கள் சிலேட்டைத் துடைத்து என் பையில் வைத்திருக்கிறேன்.