இரண்டாவது குழாய் இரத்தம்

12-3-1947, தூத்துக்குடி.

இன்று எழுத வேண்டியவை:
1. அந்தோணியின் காலைச் சர்ஜன் அறுக்கக் கூடாது.
2. அவனுக்கு வந்திருப்பது இரத்தப் புற்று.
3. எனக்கென்று நான் எதையும் செய்யவில்லை.

சங்கு குளிக்கும் அந்தோணிக்குத் தொடை எலும்பில் தாங்க முடியாத வலி. எலும்பில் சீழ் என்று சொல்லி, நாளை அறுக்க ஏற்பாடு செய்திருந்தார் சர்ஜன். காலையில் ஒரு குழாய் இரத்தம் எடுத்து, அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எங்கும் முதிராத வெள்ளணுக்கள். கத்தி பட்டால் இரத்தம் நிற்காது என்று சொல்லும்போதே என் குரல் நடுங்கியது.

"பெரியவருக்குக் கத்தியைக் கண்டாலே பயம்" என்று என்னைக் காட்டி வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார் சர்ஜன். ஆனாலும் அறுவையை நிறுத்திவிட்டார்.

அந்தோணி கடலில் இறங்கினால் மேலே கயிறு பிடிப்பவன் மச்சினன் லாசர். அவன் அக்காளின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் வேறு யாரிடமும் அதைக் கொடுக்க மாட்டார்கள். மாலையில் அவன் என்னை வழிமறித்தான்.

"அறுத்தாலும் சாவாரு, அறுக்காட்டியும் சாவாருன்னா நீரு எதுக்குவே இங்கன இருக்கீரு?"

விலகி நடக்கப் பார்த்தேன்; அவன் விடவில்லை.

"மத்தியானம் மறுபடியும் ஒரு குழாய் ரத்தம் எடுத்தீரே, அது எதுக்கு?"

"நோயை உறுதிசெய்ய" என்றேன். என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். முரடன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

நோய் காலையிலேயே உறுதியாகிவிட்டது. அந்த அணுக்கள் எவ்வளவு சர்க்கரை தின்கின்றன என்று அளப்பது என் ஆராய்ச்சி. இரண்டாவது குழாய் அதற்குத்தான். வெளிறிய அந்தக் கையிலிருந்து, கேட்காமலே எடுத்தேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு.