மூன்று கண்ணாடி என்னிடம், இரண்டு உன்னிடம்

அன்புள்ள தம்பி,

அன்பு என்று எழுதியது வழக்கத்துக்காக. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

சொத்தைப் பாகம் பிரித்த அன்று, மீன்தொட்டியையும் பிரித்தே தீரவேண்டும் என்று நீ குதித்தாய். "சரிடா, பிளேடை எடு!" என்று நானும் குதித்தேன். ஒட்டை அறுத்துப் பிரித்ததில் எனக்கு மூன்று கண்ணாடி, உனக்கு இரண்டும் காற்று மோட்டாரும். மீன் மட்டும் என் தலையில்.

இப்போது அது குளிக்கிற வாளியில் சுற்றுகிறது. நான் தோட்டக் குழாயடியில் குளிக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவதே இல்லை.

உன்னிடம் கெஞ்சுவானேன் என்று, அடிக்கும் ஒரு பக்கத்துக்கும் அலமாரிக் கண்ணாடியை வைத்து ஒட்டினேன். ஒழுகியது. பழைய சிலிக்கான் பசையைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் புதியது பிடிக்காது என்றார் கடைக்காரர். விரல் புண்ணாகச் சுரண்டி மறுபடி ஒட்டினேன். தண்ணீர் ஊற்றியதும் அந்த மெல்லிய அடிக்கண்ணாடி 'டப்' என்று உடைந்துவிட்டது. கூடமே குளமாகிவிட்டது.

"அண்ணனும் தம்பியும் மூளையையும் பாகம் பிரிச்சுக்கிட்டீங்க போல. ஒருத்தருக்கும் முழுசா வரல," என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள் உன் அண்ணி.

உன் பங்குக் கண்ணாடிகளைப் பார்சலில் அனுப்பாதே, உடைந்துவிடும். கையிலேயே கொண்டுவா. நான் ஒட்டும்போது மறுபக்கம் பிடிக்கவும் ஆள் வேண்டும். காய இரண்டு நாளாகும், அதுவரை இங்கேதான் நீ இருந்தாக வேண்டும்.

உன் தலையணையை வெயிலில் போட்டது அண்ணிதான். நான் சொல்லவே இல்லை.

இன்னும் கோபமாகவே இருக்கும்
உன் அண்ணன்