மூன்றாம் நாள் அனுப்பிய குழந்தை

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மலையேறி மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாளுக்கு என் பக்தியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. உண்மைக் காரணம் பேன். நாற்பத்தாறு வயதுப் பஞ்சாயத்துக் கிளார்க்குக்குப் பேன்! இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லலாம். நீயோ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது.

மழித்தது உன் அக்காள் புருஷன், நீ 'பாவா' என்பாயே, அவர்தான். முடித்ததும் தலையில் சந்தனத்தை அப்பினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அந்தக் குழந்தையின் நினைவு வந்துவிட்டது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவது வழக்கம். எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். பெற்றவளே வேறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்கிவிடுவாள். அதற்கு ஊரில் ஓர் ஏற்பாடு இருந்தது. கோயில் மடப்பள்ளியில் சோறு. நெசவுக்காரர் வீட்டில் தூக்கம். ரயிலடியில் போர்ட்டர் கூவுவார். முடி இறக்குகிற நீ வந்து மண்டையைத் தடவுவாய். "ஆங், இது என் கை. திருவாலங்காட்டுக் கும்பல். ரெட்டைச் சுழி பாரு, அப்பனுக்கும் ரெண்டு" என்பாய். பொழுது சாயுமுன் பிள்ளை தாயிடம் போய்விடும். காகிதமே கிடையாது.

பிறகு சர்க்கார் சீர்திருத்தம் வந்தது. நம் ஊர் ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்திருந்த சமயம். ஜில்லாவிலிருந்து தெலுங்கில் ஒரு சுற்றறிக்கை. பள்ளிக்கூடம், போலீஸ், கோயில், பஞ்சாயத்து எல்லாம் கூடி உழைக்கக் குழந்தைகள் நலக் கமிட்டியாம். நான் காரியதரிசி. புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். ஐந்து நாற்காலி போட்டோம். உனக்கு ஒன்று போட எங்களுக்குத் தோன்றவில்லை. பாரத்தில் 'முடியின் நிறம்' என்று ஒரு கட்டம். எல்லாப் பிள்ளைக்கும் 'சந்தனம்' என்று எழுதினேன்.

அந்த வருஷம் கிடைத்தவளுக்கு நாலு வயதிருக்கும். எதைக் கேட்டாலும் "நைனா" என்று அப்பனைத்தான் கூப்பிட்டாள். யாரும் தேடி வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை மூன்றாம் நாள் ஜில்லாவின் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்தது; அதற்குப் பாரம் எழுதிக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்து அவள் தலையைத் தடவினாய்.

"இது என் கை இல்லீங்க சார். எங்க பாவா கை. காதுக்குப் பின்னால கத்தியைத் திருப்பிப் போட்டுக்கிறாரு பாருங்க. கண்ணாலத்துக்கு அரக்கோணம் போயிருக்காரு, நாளைக்கு வந்துருவாரு. ஒரு நாள் பொறுங்க."

"சட்டம்னா சட்டம்பா. கமிட்டிக்கு மண்டை ஜோசியம் ஆவாது" என்றது ஒரு நாற்காலி.

மற்ற நாற்காலிகள் சிரித்தன. நானும்தான்.

அவர்கள் வெற்றிலை போட வெளியே போனதும் என் கையைப் பிடித்தாய். நாம் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு; தனியே இருந்தால் நான் உனக்கு 'டேய்'. "டேய், அது இன்னா பார்சலா? எங்க வூட்ல ஒரு நாள் இருந்துட்டுப் போவட்டும்டா."

கையெழுத்துப் போட்டேன். ஓர் ஆயாவோடு அவளைப் பஸ் ஏற்றினோம்.

மறுநாள் உன் பாவா வந்து, கே.ஜி.கண்டிகைப் பக்கத்து வண்டிக்காரர் மகள் என்றார். பெரியப்பன் வண்டியில் காளஹஸ்தி போயிருக்கிறாள் என்று தகப்பன் நிம்மதியாக இருந்திருக்கிறார். அவளை மீட்கத் தை மாதம் ஆயிற்று. தகப்பன்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கத்திப்பெட்டியை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் நீதான் அவரோடு போனாய். கடைசியில் முடி வளர்ந்து ரெட்டைக் குடுமியோடு வந்தவள், தகப்பனைக் கண்டு ஆயாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் நாம் இருவர் மட்டும் இருக்கும்போதும் 'சார்' என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "வாங்க சார், உக்காருங்க." இப்போது என்னை 'டேய்' என்று கூப்பிட ஆளில்லை. பொழுதுபோகாமல் நானே ஒருமுறை கண்ணாடியில் கூப்பிட்டுப் பார்த்தேன், நன்றாக இல்லை.

இன்றைக்கும் பிள்ளை கிடைத்தால், பேனாவைத் திறக்குமுன் தலையைத் தடவிப் பார்க்கிறேன். என் விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிள்ளைகளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வருகிறது.

நான் தெலுங்கு சரளமாகப் பேசுவேன், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். சுற்றறிக்கையில் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். போன வாரம்தான் பின்பக்கத்தைப் படித்தேன். கமிட்டி விரும்பினால் பிள்ளையை ஒரு மாதம் வரை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது.