ஐந்து மணி மாத்திரை

நிக்டி, புனே.

பேரன்புமிக்க அப்பாவுக்கு மகள் ஜான்சியின் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என்னோடு தமிழ் பேச வசந்தகுமார் ஐயா ஒருவரே உண்டு. படைக்கலக் கிடங்கில் உழைத்து ஓய்ந்தவர்; இப்போது நினைவு தடுமாறுகிறது. மாலை ஐந்தானால், வேலை முடிந்ததென்று எண்ணி, வீடு திரும்பச் சாப்பாட்டுத் தூக்கைத் தேடிக் கூவுவார். உடனே தூக்கமாத்திரை கொடுப்பார்கள். போன வாரம் ஒருநாள் மாத்திரைக்குப் பதிலாக என் தூக்கைக் கையில் கொடுத்தேன்.

"பஸ் வந்துருச்சாம்மா?"

"வருதுங்க ஐயா, உக்காருங்க."

அமைதியானார். கண்காணிப்பாளரோ என்னைக் கடிந்து, மாத்திரையை இரட்டிப்பாக்கினார். இப்போது ஐந்து மணிக்கு அவர் எழுவதேயில்லை. அது உறக்கமன்று அப்பா, வாயடைப்பு! மருத்துவருக்கு எழுதியிருக்கிறேன். என் வேலைக்கு ஒன்றும் நேராது, கவலை வேண்டா.

வீட்டிலுள்ள பழைய தூக்கை அனுப்புங்கள். என்னுடையது அவர் தலைமாட்டில் இருக்கிறது. விழித்தால் தேடுவார்.

பணிக்கு அழைக்கிறார்கள்.

ஜான்சி