சோல் ஒட்டும் சொல்யூஷனும் உங்கப்பாவின் முன்பல்லும்

ஆம்பூர்

அன்பு மகள் பாரதிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கப்பாவின் முன்பல் இரண்டைத் தவிர எல்லாம் நலம். போனில் சொல்லலாம் என்றால் மனுஷன் பக்கத்திலேயே நின்று முறைக்கிறார், அதனால்தான் உங்கள் ஊருக்கு வருகிற பக்கத்து வீட்டு வஜீதாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன மாதம் வேலை விட்டு வரும்போது ஷூ கம்பெனி கேட் எதிரே வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டு, வாய் ஹேண்டில்பாரில் இடித்து முன்பல் இரண்டும் அடிபட்டன, ஒன்று பாதி உடைந்து கையோடு வந்துவிட்டது. உடனே டாக்டரிடம் போவதுதானே? கேட்டாயா கூத்தை, ஷூவுக்கு சோல் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி அந்தத் துண்டைத் தானே ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்! அத்தாம்பெரிய சோலையே புடிக்குது, இத்துணூண்டு பல்லைப் புடிக்காதா என்று என்னையே கேட்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாரம் திரும்புவதற்குள் உதடு வீங்கி, ஈறில் சீழ் வைத்து, கஞ்சிகூட இறங்காமல் துடித்த பிறகுதான் பஜாரில் இருக்கிற பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அடிபட்டதில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, ரூட் கேனால் செய்தால் இரண்டு பல்லையும் காப்பாற்றலாம் என்றாள் அந்த டாக்டர் பெண். ஒட்டின துண்டை எடுத்துப்போட்டு, பல்லைக் குடைந்து சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினாள். மறுபடி போய் வேரை நிரப்பி மேலே கேப் போட வேண்டுமாம், பாதியில் விட்டால் திரும்பவும் சீழ் வைத்துப் பிடுங்கத்தான் வேண்டுமாம்.

இவர் போக மாட்டாராம்! வலியே போயிடுச்சி, இன்னாத்துக்கு இன்னொரு தபா என்கிறார். அதெல்லாம் சாக்கு. சொல்யூஷன் கதையைக் கேட்டதும் அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள், அதுதான் இவருக்கு உறுத்துகிறது. நான் ஒட்டின ஷூ ஒண்ணுகூடப் பிரிஞ்சி வந்ததில்ல, அந்தப் பொண்ணு இன்னா சிரிக்கிறது என்று வீட்டில் குதிக்கிறார். ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அவள் சிரித்ததற்குக் கோபப்படுகிறவர், தான் சிரிக்காமல் இருப்பதை நினைத்துப் பார்த்தாரா? தெருமுனை வரை கேட்கிற மாதிரி சிரிக்கிற மனுஷன், உன் சித்தப்பா மகன் இன்பராஜ் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். உன்னோடு வீடியோவில் பேசும்போது டவர் இல்லை என்று கேமராவை மேலே திருப்புகிறாரே, அதுவும் இதற்குத்தான். எனக்கு வயிறு எரிகிறது பாரதி.

கெங்கையம்மன் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறாள், மறந்துவிடாதே, அதற்குள் போன் பண்ணி அவரை வாயைத் திறந்து காட்டச் சொல். நான் கத்தினால் காதில் ஏறாது, நீ அழுதால் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பிவிடுவார். அழுகை வராவிட்டால் பொய்யாகவாவது அழு.

இப்படிக்கு,
உங்கப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மா,
அமிர்தவள்ளி